பட்டை கற்றுக்கொடுத்த நடை

பிப்ரவரி 11

வார்டனம்மாவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் போன வாரம் முழுக்க அடித்துப் பார்த்தேன். மணி அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காகவாவது கடிதத்தைக் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும். எடுத்தது எடுத்தாய், படித்துவிட்டுக் கிழி.

உன் அண்ணன் போய் நான்கு மாதம் ஆகிறது. நான் முதுகு ஆபரேஷன் முடிந்து அசையக் கூடாது என்று மல்லாந்து கிடந்தபோது, அவர் லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலேயே, மோட்டார் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நீயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நாலு நாள் கழித்து வந்து என்னிடம் சொன்னாய். "டாக்டர்தான் சொல்ல வேணாம்னார்" என்றாய். நான் உன்னை என்னென்னவோ பேசினேன். நீயும் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்காக ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைஞ்சே என் அண்ணன் செத்தான்" என்று நீ சொன்னதை வார்டு முழுக்கக் கேட்டது. அதைக் கிளற இப்போது எழுதவில்லை. காரணம் வேறு.

எனக்கு முதுகெலும்பில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவளுக்கு இப்போது பஸ் மாதிரியே போல்ட் நட்டு. நடப்பதற்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், இரண்டு கணுக்காலிலும் ஒரு சின்ன வில்லை. ஆபரேஷனுக்குப் பல மாதம் முன்பே, கால் மரத்துப்போவதற்கு முன்னால், ஒரு வாரம் இதைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லி என் நடையை அதில் பதிந்து வைத்தார்கள். இப்போது அந்தப் பழைய நடைக்கு என்னைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. அடி தப்பினால் சுருக்கென்று ஓர் அதிர்வு. பதிந்த நடை எங்கே நின்றதோ அங்கே, நின்று ஓய்வெடுக்கச் சொல்லி, நீளமாக ஒன்று. கோடைக்குள் சரியாக நடந்து டெப்போ மருத்துவச் சோதனையில் தேறினால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட விடுவார்கள். இல்லையென்றால் ஏதாவது ஓர் அறையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். என்னால் அப்படி இருக்க முடியாது.

போன வியாழக்கிழமை மதியம் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. மேலே சார் நடக்கிற சத்தம் கேக்குது. மெஷினை நிறுத்திட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவரேதான்" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் நடந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான்.

நீதான் அவரைக் கடைசியாகப் பார்த்தாய். நான் பார்க்கவில்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், உண்மையைச் சொல். நீ பார்த்தது அவரைத்தானா?

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

அது அவன்தான். கண்ணை மூடிவிட்டது நான். சட்டைப் பையில் அவனுடைய சின்ன டார்ச் எரிந்தபடியே இருந்தது, அதை அணைத்ததும் நான். இதற்கு மேல் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள்.

தையல்காரம்மாவுக்கு வேலை குறைந்துவிட்டது போலிருக்கிறது. நாலு ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுங்கள், காது தானாக அடங்கும். வார்டில் நான் சொன்னதை வாபஸ் வாங்குவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அவன் உங்கள் ஆபரேஷனுக்காகத் தூங்காமல் அலைந்ததை நான் பார்த்தேன். நீங்கள் சீக்கிரம் குணமாக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அவ்வளவுதான்.

வார்டன் (நீங்கள் வைத்த பெயர்தானே)

பின்குறிப்பு: இந்த விடுதியில் எந்தப் பெண் மாடிப்படியில் பதுங்கிப் பதுங்கி வருகிறாள் என்பதை என் அறைக்குள் இருந்தபடியே காலடியை வைத்துச் சொல்லிவிடுவேன். முகத்தைவிட எனக்கு அதுதான் நிச்சயம். அதனால் கேட்கிறேன். என்ன மாதிரிச் சத்தம்?


மார்ச் 2

வார்டனுக்கு,

கேட்டுவிட்டாய் அல்லவா. சொல்கிறேன், கேள்.

வலது கால் முழுசாக விழுகிறது, தட்டென்று. இடது கால் கொஞ்சம் தாமதித்து வருகிறது. வரும்போது கட்டைவிரல் பக்கம் தரையில் லேசாக உரசுகிறது, வழியில் கிடக்கும் ஏதோ ஒன்றை ஒதுக்கிவிட்டு வருகிற மாதிரி. நீ படிக்கும்போதே உன் காதில் கேட்டிருக்கும். எனக்கு இடது காலில் எந்தக் கோளாறும் கிடையாது. மரத்துப்போனது வலது கால்தான், அதுவும் இப்போது சரியாகிவிட்டது. ஆனாலும் இடது செருப்பின் முனைதான் தேய்ந்திருக்கிறது.

குனிந்து பார்த்தால் என் பாதம். நிமிர்ந்து நடந்தால் அவர் சத்தம். நான் என் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறேன், வீட்டுக்குள் அவர் நடக்கிறார். முதல் நாள் தெரிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு நடை பழக்குகிற பிசியோ பெண்ணுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். போன் திரையில் பச்சைக் கோட்டைக் காட்டி, "பாருங்கம்மா, உங்க பழைய நடையோட அப்படியே பொருந்தி வருது. இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் வந்ததில்ல" என்கிறாள். நான் பஸ்ஸில் இருந்து இறங்கி டெப்போவுக்குள் நடந்து போவதை நீயே கிண்டல் செய்வாய், வாத்து மாதிரி இருக்கிறது என்று. அந்த வாத்து எங்கே போயிற்று?

இன்னொன்று. கூடத்தின் பாதியில் பட்டை நீளமாக அதிரும். நிற்பேன். தலை தானாகச் சாய்ந்துகொள்கிறது. அவர் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளே சத்தம் கேட்பாரே, அப்படி.

வலது இடுப்பில் புதிதாக ஒரு வலி. படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணி


மார்ச் 12

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எழுந்து போய் என்னவென்றுகூடக் கேட்கவில்லை.

பயப்படாதீர்கள். எது உங்கள் காலில் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டையைக் கொடுத்த வாரம் நீங்கள் முதல் நாள் மட்டும் கட்டிக்கொண்டு, "இதைக் கட்டிக்கிட்டு சீட் பெல்ட் எப்படிப் போடறது" என்று அலமாரியில் வீசினீர்கள். ஒருநாள் நடந்ததே போதும் என்று நினைத்திருப்பீர்கள். போதாது. மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூப்பிட்டு, ஒரு வாரம் நிரம்பாவிட்டால் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்களிடம் சொன்னால் திருப்பியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்வீர்கள். அதனால் அவனே கட்டிக்கொண்டான். உங்கள் ஒரு நாளை அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தானாம். போனில் என்னிடம் ஒரே சிரிப்பு. "உங்க அண்ணி நடக்க மாட்டேங்கிறா, அவளுக்குப் பதிலா நான் மாடி மாடியா ஏறி இறங்கறேன். எந்தக் காலா இருந்தா என்ன, மெஷினுக்குத் தெரியவா போகுது." நானும் சிரித்தேன். அன்று அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, மறந்தும் போனேன்.

அந்தப் பட்டையில் இருப்பது அவன் நடை, அண்ணி. ஒவ்வொரு சுருக்கும் உங்களை அவனை மாதிரி நடக்கப் பழக்கியிருக்கிறது.

அவன் இடது கால் சின்ன வயதில் சைக்கிளில் விழுந்து உடைந்து, கோணலாகக் கூடிய கால். அந்தக் கோணலுக்கு அந்த நடை. உங்கள் கால் நேரானது. நேரான காலோடு அப்படி நடந்தால் முதுகு என்ன ஆகும்? பட்டையைக் கழற்றுங்கள். நாளைக்கே பிசியோவிடம் சொல்லுங்கள்.

வார்டன்


மார்ச் 21

வார்டனுக்கு,

படம் எடுத்தாயிற்று. ஒரு திருகாணி லேசாக அசைந்திருக்கிறதாம். முதுகு டாக்டர் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒரு பக்கமாவே பாரம் விழுது. இப்படியே போனா திருகாணி கழண்டுடும். மறுபடி திறக்கணும். அப்புறம் பஸ்ஸை விடுங்க, நிக்கிறதே கஷ்டம்" என்றார். "நடையில ஏதாவது வித்தியாசம் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன்.

திட்டாதே. முழுக்கப் படி. நீ எழுதியதைப் படித்ததும் பயம் போய்விட்டது. போனது பயம் மட்டும்தான். பேய் இல்லை, மெஷின்தான். சரி. ஆனால் அது அவர் நடைதானே? ஒரு வாரம் அவர் நடந்த நடை, அவருடைய கால் உரசல், அவர் நின்ற இடம், எல்லாம் அப்படியே இருக்கிறது. போட்டோவில் இருக்கிறவர் அசைய மாட்டார். இவர் கூடத்தில் இருந்து சமையலறைக்கு வருகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேன். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். வில்லைகளையும் கழற்றினேன். வெறுங்காலோடு என் பழைய வாத்து நடையை நடந்து பார்க்கலாம் என்று எழுந்தேன். அவர்தான் நடந்தார். பட்டையே இல்லாமல், பாதி கூடத்தில் அதிர்வே இல்லாமல், தானாக நின்றார். தலை சாய்ந்தது. நான் நிற்கச் சொல்லவில்லை.

கீழே தையல் மெஷின் சத்தமும் நின்றது. அந்த அம்மா இப்போதெல்லாம் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறார்.

உனக்கு அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்தது. எனக்கு அதுகூட இல்லை. என் பங்குக்கு இது கிடைத்திருக்கிறது. இதை அழித்துவிடு என்று நீ சொல்கிறாய். ஒருமுறை என்னைக் கேட்காமல் அவரை அனுப்பி வைத்தாய். இரண்டாம் முறை விட மாட்டேன்.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன், நீங்கள் என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை.

எனக்கும் கேட்க வேண்டும்.

நான் அவனை முகமாகப் பார்த்தேன் என்று நீங்கள் பொறாமைப்படுகிறீர்கள். அந்த முகம் எதற்கு? அதில் அவன் இல்லை. நான் வாழ்நாள் முழுக்கக் காலடியை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறவள். மாடிப்படியில் அந்த உரசல் கேட்டால் எனக்கு வீடு. இப்போது அது உங்கள் கூடத்தில் இருக்கிறது, நான் இங்கே பெண்களின் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். உங்களைப் பார்க்க மாட்டேன். நீங்கள் ஒரே ஒருமுறை, வாசலில் இருந்து கதவு வரை. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து போய் பிசியோவிடம் சொல்வோம். நீங்கள் வர மறுத்தால் நான் மட்டும் போய்ச் சொல்வேன். திருகாணி ஒரு நடைக்குத் தாங்கும். அதற்கு மேல் அவனுக்காகக்கூட உங்கள் முதுகை நான் கொடுக்க மாட்டேன்.

வார்டன்


ஏப்ரல் 8

அண்ணி,

விடுதிக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து உங்கள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வந்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. "அண்ணா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு பாதியில் நின்றான் அல்லவா, அங்கேதான் எனக்கு இடித்தது.

அண்ணன் நடுவில் நிற்கிற ஆள் கிடையாது. அந்தக் காலை வைத்துக்கொண்டு மாடிப்படியில் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பவன். லிப்ட் சத்தம் கேட்பதற்கு நிற்பவன் கதவுக்குப் பக்கத்தில் நிற்பான், பாதி வழியில் அல்ல. அப்புறம் நீங்கள் நின்றபோது உங்கள் மூச்சு எனக்குக் கேட்டது. உங்களுக்கு மூச்சு வாங்கவில்லை, ஆனால் மூச்சு வாங்குகிறவர் நிற்பது போல நின்றீர்கள். கதவைத் திறந்து பார்த்தால், ஒரு கை சுவரில்.

அவன் பட்டையைக் கட்டிக்கொண்டது உங்கள் ஆபரேஷனுக்குப் பல மாதம் முன்னால். அப்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை, அவனுக்கு அலைச்சல் இல்லை. அப்போதே அவனால் ஒரு கூடத்தை நிற்காமல் கடக்க முடியவில்லை. நெஞ்சு அப்போதே போய்விட்டிருக்கிறது. உங்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குப் போன் செய்து சிரித்தான்.

நீங்கள் அவனைக் கொல்லவில்லை, அண்ணி. வார்டில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது பொய். அதை வாபஸ் வாங்குகிறேன். அதே வார்டில் வந்து நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

இத்தனை நாளாக நீங்கள் நடந்துகொண்டிருப்பது அவன் செத்துக்கொண்டிருந்த நடை. நிறுத்துங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வார்டன்


ஏப்ரல் 19

வார்டனுக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க அழுதேன். எனக்காக அழுதேனா, அவருக்காகவா, தெரியவில்லை. கட்டின பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவர் மூச்சு வாங்குவதைக் கவனிக்கவில்லை. அவர் நின்றதை அவர் போன பிறகு என் காலை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோ பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. "அம்மா, நான் உங்களை வேற ஒருத்தரா ஆக்கிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். நான்தான் அவளைத் தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் நடையை அழிப்பதற்கு முன், "ஒருமுறை நடந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அழித்தாள். திரையில் ஒன்றுமே இல்லை.

இப்போது ஒரு சிக்கல். எனக்கென்று பழைய நடை எதுவும் இல்லை. யாருடையதையாவது பார்த்துத்தான் கால் பழக வேண்டும். என் உயரம், ஏறக்குறைய என் வயது, நேரான கால் உள்ள ஒரு பெண் ஒரு வாரம் இதைக் கட்டிக்கொண்டு நடந்தால் போதுமாம். எனக்கு யார் இருக்கிறார்கள், சொல். பட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வீசிவிடாதே.

அண்ணி


மே 24

என் வார்டனுக்கு,

உன் நடை ரொம்பப் பொல்லாதது. எவளையோ கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவள் மாதிரி குதிகாலை ஊன்றி ஊன்றிப் போகிறாய். முதல் வாரம் அடிக்கு அடி சுருக். தையல்காரம்மா வந்து, "இப்ப யாருங்க நடக்கிறது?" என்று கேட்டார். என் நாத்தனார் என்றேன். அவருக்கு அதற்கும் பயம்தான், இருந்தாலும் மெஷினை ஓட்டுகிறார். புதுப் படத்தில் திருகாணி அசையாமல் இருக்கிறது. டெப்போ சோதனைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்துவிட்டார்கள். முதுகு டாக்டர், "ஓட்டுவீங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் காலிலேயே விழுந்திருப்பேன், குனிய முடியவில்லை.

இதெல்லாம் நல்ல சேதி. இப்போது நான் எழுத வந்ததைக் கேள்.

நேற்று முதல்முறையாக வீட்டைத் தாண்டித் தெருவில் நடந்தேன். தெருவின் பாதியில் பட்டை நீளமாக அதிர்ந்தது. நின்றேன். திரும்பி வரும்போதும் பாதியில். வீட்டுக்குள் வந்து கூடத்தில் நடந்தேன், அங்கேயும் பாதியில்; இத்தனை நாள் சுருக்குகளுக்கு நடுவே அதைத் தனியாகக் கவனிக்கவில்லை. உன் நடையில் நீ நிற்கிறாய்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு தடவை இதைத் தெரியாதவள் மாதிரி நான் நடந்துகொண்டிருக்க மாட்டேன். இதற்குப் பதில் எழுத உட்காராதே. முதலில் நெஞ்சு டாக்டரிடம் போ. போய்விட்டு வந்து எழுது. நீயும் சிரித்துக்கொண்டே என்னை ஏமாற்றிவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன்?

அண்ணி


மே 31

அண்ணி,

உத்தரவுப்படி டாக்டரிடம் போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஓடும் மெஷினில் ஏற்றி நாக்குத் தள்ள ஓடவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. "நீங்க இன்னும் நாலு வார்டனுக்கு உழைப்பீங்க" என்றார் டாக்டர். ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

நான் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. சமையல்காரம்மாவிடம் கேட்டேன். "நீங்க எப்பவும் அப்படித்தானே மேடம். பாதி வராந்தாவுல நின்னுடுவீங்க. அப்புறம் சுவரோரமா கொஞ்சம் ஒதுங்குவீங்க. யாருக்கோ பக்கத்துல இடம் விடற மாதிரி. அதுக்கப்புறம்தான் நடப்பீங்க" என்றாள். இத்தனை வருஷம் அவள் அதைக் கேட்கக்கூட இல்லை, ஏதோ பழக்கம் என்று விட்டுவிட்டாள்.

பிறகுதான் புரிந்தது. அவன் கால் உடைந்து கட்டுப் பிரித்த வருஷம், பள்ளிக்கூடத்துக்கு இருவரும் ஒன்றாக நடப்போம். நான் வேகமாக முன்னால் போய்விடுவேன். பாதி வழியில் செருப்பு வாரை மாட்டுகிற சாக்கில் நிற்பேன். காத்திருக்கிறேன் என்று தெரிந்தால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால் திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்த உரசல் பின்னால் இருந்து வந்து என் பக்கத்தில் சேர்ந்ததும், ஒதுங்கி இடம் விட்டுக் கிளம்புவேன். அவன் காலைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அவன் வளர்ந்து எனக்கு முன்னால் ஓடுகிற ஆளாகிவிட்டான். என் கால் மட்டும் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறது.

பிசியோவிடம் சொல்லி அந்த நிறுத்தத்தை எடுத்துவிடாதீர்கள். திருகாணிக்கு அதனால் ஒன்றும் இல்லை, நானே போன் செய்து கேட்டுவிட்டேன். பட்டை அதிர்ந்தால் நில்லுங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுங்கள். எப்போது கிளம்புவது என்று பட்டை சொல்லாது, ஆனால் அவன் வந்து சேர்ந்ததும் உங்கள் கால் தானாக எடுத்து வைக்கும். எனக்கு இன்றைக்கும் வராந்தாவில் அப்படித்தான் எடுத்து வைத்தது.

வார்டன்